விடச் சொல்லாத மூச்சு

நாசரேத்துக்காரி ஜெபசுதா, தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட். அங்கே அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். எலும்பு வார்டு, பக்கவாதக்காரர்கள், வெளிநோயாளிகள் என்று பார்த்துவிட்டு நடுவில் ஐ.சி.யூ.வுக்கும் ஓடிவர வேண்டும். ஐ.சி.யூ.வுக்குத் தனி ஆள் கேட்டு அலுத்துவிட்டாள். "கை காலப் பிடிச்சு விடுததுதானே, நர்ஸ் பாத்துக்கிடுவாங்க" என்றது நிர்வாகம். அவளைக் கெட்டிக்காரி என்பதைவிட ஒழுங்கானவள் என்பது பொருந்தும்.

திரேஸ்புரம் ஆன்றோ சங்கு குளிக்கிறவர்; மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சங்கெடுப்பது தொழில். நிமோனியாவால் வென்டிலேட்டரில் கிடந்து, முந்தின நாள்தான் குழாய் எடுத்திருந்தார்கள். நுரையீரல் நன்றாக விரிந்து சளி வெளியேறாவிட்டால் மறுபடி குழாய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது நேராமல் பார்ப்பதே ஜெபசுதாவின் வேலை.

அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள்.

"அண்ணாச்சி, மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. நான் சொன்ன பெறவு விடுங்க."

எல்லாரிடமும் சொல்வதுதான். யாரும் அவள் சொல்லும்வரை காத்திருந்ததில்லை. மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிடுவார்கள். ஆன்றோ இழுத்துப் பிடித்தார். அந்நேரம் எலும்பு வார்டிலிருந்து போன். மூட்டு மாற்றியவரை நடக்கவைத்தால்தான் டிஸ்சார்ஜ், கார் வாசலில் நிற்கிறது, ஏன் இன்னும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். பதில் சண்டையானது.

மானிட்டர் அலறியபோதுதான் திரும்பினாள். ஆன்றோ கண்ணை மூடி, தாடையை இறுக்கி, இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. "விடுங்க" என்றதும் விட்டார். அடுத்த மூச்சை இழுக்க அவரிடம் பலமில்லை.

டாக்டர் கிருபாநிதி ஓடி வந்து, இறுக்கமான மாஸ்க்கைப் போட்டு மெஷினால் காற்றேற்றினார். ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறியது.

"பேஷண்ட் கோஆப்பரேட் பண்ணலையா?"

ஜெபசுதா தலையசைத்தாள். ஆமென்றும் இல்லையென்றும் கொள்ளத்தக்க அசைவு. டாக்டர் ஆமென்று எடுத்துக்கொண்டார்.

பார்வை நேரத்தில் ஆன்றோவின் மனைவி டெல்பின் வந்தாள். மாஸ்க்கைக் கழற்றி அவருக்குச் சாதா ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அவர் ஒத்துழைக்கவில்லை என்ற பேச்சு அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"மேடம் சொன்னதக் கேட்டா என்னவாம்? கடல்ல வல்லத்துல நின்னு மல்லுக்கட்டுத மாரி இங்கனயும் வீம்புதானா உமக்கு?"

"ஏளா, சும்மா கெட." குழாய் கிடந்த தொண்டை கரகரத்தது. "மேடம் விடச் சொல்லல, நான் பிடிச்சேன்." பிறகு ஜெபசுதாவைப் பார்த்தார். "முந்தில்லாம் இன்னும் நேரம் பிடிப்பேன் மேடம். இப்ப பலம் இல்ல. மன்னிச்சுக்கிடுங்க."

தான் ஏதோ சோதனையில் தோற்றதாக அவர் நினைத்திருந்தார்.

ஆள் போதாது என்பது உண்மை. போனை எடுத்தது ஆள் குறைவால்தான். தலையசைத்தது ஆள் குறைவால் அல்ல.

"அவர ஏசாதீங்கக்கா," என்றாள் ஜெபசுதா. "நான் சொன்னபடிதான் செஞ்சாரு. விடச் சொல்லாம நான் போன்ல பேசிட்டு நின்னுட்டேன். டாக்டர்ட்டயும் அதச் சொல்லல."

ஜெபசுதா டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "விடுங்க, ஒத்த ஆளா எத்தனையத்தான் பாப்பீங்க" என்றார் அவர். மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது அவளை இன்னும் குறுகவைத்தது.

திரும்பி வந்தபோது டெல்பின் கேட்டாள்: "மறுபடி குழாய் போட்டுருவாகளோ?"

"பயிற்சிய விடாமக் குடுத்தா வேண்டியிருக்காதுக்கா."

"வேற பிசியோ யாரும் இல்லையோ?" குத்தலாகக் கேட்கவில்லை.

"நான் ஒருத்திதான்."

டெல்பின் கணவன் முகத்தைப் பார்த்தாள். "அப்போ போன அங்கன வச்சிட்டு வாங்க. நானும் பக்கத்துல நிக்கேன்."

ஜெபசுதா போனை நர்ஸ் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். ஆன்றோ தயாராக நிமிர்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இழுங்க" என்றாள்.