பிடிமண் வந்த வருடம்

பூமாரிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் சுசீலாபாய் டீச்சர், ஆளுக்கொரு ஊரைப் பற்றி, யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதச் சொன்னார். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அச்சில் ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது என்றார். பூமாரி தன் தெருவையே எடுத்துக்கொண்டாள்.

மலையாளத் தலைநகரில், சாலைக் கம்போளம் என்ற சந்தைக்குப் பின்னால், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களின் தெரு அது. நகரத்தின் குப்பையை அள்ளியவர்களைப் பற்றி எவன் புத்தகம் போட்டான்? அச்சில் அகப்பட்டது ஒன்றே ஒன்று, இசக்கியம்மன் கோயில் கொடைவிழா மலர். பிடிமண் எடுத்து வந்தது 1971 என்று அதில் இருந்தது. சொந்த ஊர்க் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து, பிழைக்க வந்த இடத்தில் அம்மனை நிறுத்துவது வழக்கம். மனிதர்கள் முதலில் வருவார்கள். நிமிர்ந்து நிற்க வழி பிறந்த பிறகுதான் அம்மன் வருவாள். தாத்தா சுதந்திரத்துக்கு முன்பே வந்தவர் என்று பூமாரிக்கும் தெரியும். ஆனால் அதற்கு அச்சில் ஆதாரம் இல்லையே. ‘1971இல் பிடிமண்ணுடன் இம்மக்கள் இங்கே குடியேறினர்’ என்று எழுதி, மலரின் பக்க எண்ணோடு அடிக்குறிப்பும் போட்டாள். இருபதுக்கு இருபது கிடைத்தது.

அப்பா வன்னியராஜ் கம்போளத்தில் சுமடெடுப்பவர், மூட்டை தூக்கும் வேலை. மலையாளப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், தமிழ் பேசுவாரே தவிர வாசிக்கத் தெரியாது. கட்டுரையைக் கைபேசியில் பார்த்துவிட்டு, தெருவின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு பி.எட். இடம் வந்தது, ஒதுக்கீட்டில். வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும். குடும்பம் 1950க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டது வில்லேஜ் ஆபீஸ். அதற்குப் பின்னால் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு இங்கே அந்தச் சான்றிதழ் கிடையாது. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாதான் அலைந்தார். புதன்கிழமை இருவரையும் கூப்பிட்டார்கள்.

குமாஸ்தா ரெஜி நல்ல மனிதர்தான். அண்டை வீட்டார் வாக்குமூலமெல்லாம் சரியாக இருக்கிறது, இந்த ஒரு காகிதம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று மலையாளத்தில் வருத்தத்தோடு சொன்னார். தமிழைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தாராம். 1971 என்று தெளிவாக இருக்கிறதே என்று அந்தத் தாளை மேசையில் திருப்பி வைத்தார்.

அவள் கட்டுரை. வண்ணப் பிரதி, அடிக்குறிப்போடு.

பூமாரி வராந்தாவுக்கு ஓடி, கைபேசியில் அந்த வரியை அழித்து, 1950க்கு முன் என்று மாற்றினாள். ஐந்தே நிமிடம். யாரோ ஒருவர் பழைய வரியைத் திரும்பப் போட்டுவிட்டு, அவளுக்குக் குறிப்பும் எழுதியிருந்தார்: ‘நல்ல ஆதாரம் உள்ள தகவலை நீக்க வேண்டாம்.’ அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாகவும் இல்லை.

அப்பா பின்னாலேயே வந்து நின்றார். அந்தத் தாளைக் கொடுத்தது யார் என்று கேட்டாள்.

“நான்தான் மக்களே. அக்ஷயா கம்ப்யூட்டர் சென்டர்ல பிரின்ட் எடுத்தேன். நீ எழுதினதுல்லா? அதைவிட வலிய தெளிவு, பெரிய ஆதாரம், வேற என்ன இருக்கு?”

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று மெல்லச் சொன்னாள். வருடத்தையும் சொன்னாள்.

வன்னியராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“பக்கத்து வீட்டு உலகம்மாள் மகளுக்கும் சான்றிதழ் வேணும்னாங்க. நேத்து தெருச் சங்கத்துல கூடி அந்தத் தாளைத்தான் இருபத்தெட்டு வீட்டுக்கும் கோப்பி எடுத்துக் குடுத்தோம்,” என்றார். “எல்லாரும் இன்னைக்குக் காலையில இங்க கொண்டுவந்து குடுத்தாச்சு மக்களே.”