சிரட்டையில் எழுதிய தெருக்கள்

முதலில் வெறுத்தது தாளிப்பு வாசனை. கடுகு வெடித்ததும் குடல் மேலேறி வந்தது. பிறகு டீ. பிறகு பதினெட்டு வருடம் நான் தட்டிய தட்டச்சு இயந்திரத்தின் எண்ணெய் வாடை. உடம்பு ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தது. நான் அதை அசதி என்றே நினைத்தேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே சுகாதாரப் பிரிவில் நான் எழுத்தர். வாரம் ஒரு முறை நோய் அறிக்கை போக வேண்டும். வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை. ஒவ்வொன்றுக்கும் நேரே எண்ணிக்கை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்தால் எண், இல்லாவிட்டால் 'இல்லை'. அந்தக் கோடை முழுக்கக் காமாலைக்கு நேரே 'இல்லை' என்றுதான் தட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லைத் தட்டிவிட்டுத் தாளை உருவும்போது டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் சுகாதார அலுவலர் அவர். மதுரைக்காரர், வந்து மூன்று மாதம்தான்.

"கீழ் இமையை இழுத்துக் காட்டுங்கம்மா."

காட்டினேன்.

"இந்தத் தாளை அனுப்ப வேண்டாம்" என்றார்.

பாளையங்கோட்டையில் ரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் (பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி, கல்லீரல் அதைக் கழிக்க முடியாதபோது கண்ணில் தேங்கும்) ஏறியிருந்தது. கல்லீரல் அழற்சி, தண்ணீரில் வருவது, ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானே தணியும் என்றார் டாக்டர். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதன் பிறகுதான் கேட்டார்:

"வீட்ல கர்ப்பிணி யாரும் இருக்காங்களா?"

இருந்தாள். என் தங்கை செல்வி. அம்மா இல்லாத வீட்டில் நான்தான் அவளுக்கு அம்மா வீடு. வளைகாப்பு முடித்து வள்ளியூரிலிருந்து கூட்டி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஏழாம் மாதம்.

கர்ப்பிணிக்கு இது வந்தால் கல்லீரல் சட்டென்று கைவிட்டுவிடக்கூடும். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். டாக்டர் இதைக் குரல் ஏற்றாமல் சொன்னார். என் நோயை அந்த நிமிடத்தோடு நான் மறந்துபோனேன்.

வள்ளியூருக்கே திரும்பிப் போ என்றேன். செல்வி அசையவில்லை.

"வளகாப்பு முடிஞ்சு வந்தவளத் திருப்பி அனுப்புனா என் மாமியா வள்ளியூர் பூராவும் தமுக்கு அடிச்சிருவா. நான் போமாட்டேன்க்கா. தண்ணியக் காய்ச்சிக் குடிக்கேன், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் மருந்து குடிக்கப் போனேன். ஆமாம், சுகாதாரப் பிரிவில் சம்பளம் வாங்குகிறவள்தான். காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சைக்கிள் கடை அண்ணாச்சி வீட்டுக் கொல்லைக்குப் போவார்கள். அவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். பேர் கேட்க மாட்டார். நாமும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் நோய் திரும்பி வரும் என்பார்கள். குடிக்க அவரவர் தேங்காய்ச் சிரட்டை கொண்டுபோக வேண்டும். குடித்ததும் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

கொல்லையில் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை வாசலைத் தாண்டித் தெரு வரை நின்றது. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். மஞ்சள் கண்கள். சுவரோரம் சிரட்டைக் குவியல் இடுப்பு உயரம். நான் வாரந்தோறும் தட்டிய 'இல்லை' இங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"மேல போய்ச் சொன்னா, பதிவேட்டுல எங்கேன்னு கேப்பாங்க. பதிவேடு இல்லாம எந்தக் குழாயையும் தோண்ட மாட்டாங்க. எந்தத் தெருன்னாவது தெரியணும்."

செவ்வாய்க்கிழமை மறுபடி போய் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பேரு கேக்கப்படாது. எங்க அப்பா காலத்துலேர்ந்து கேட்டதில்ல. கேட்டா மருந்து நிக்காது."

"பேரு வேண்டாம் அண்ணாச்சி. தெருவைக் கேட்டுக்கிடட்டுமா?"

அவர் அரைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "தெருவுக்கா காமாலை வருது? கேட்டுக்கோ."

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தேன். குடித்து முடித்தவர்கள் சிரட்டையைக் கவிழ்க்குமுன் அதன் முதுகில் தெருப் பெயரை எழுதினேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் அசைந்தது. நாற்பத்திரண்டு வருடம் அங்கே ஒரு கல்லீரல் இருந்ததை நான் அறிந்ததில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டரையே கூட்டிப்போனேன். ஜீப்பை ஓட்ட ஆளில்லை. டிரைவர் லீவில் இருந்ததால் நடந்தே போனோம். வரிசையில் ஆறாவது ஆளாக, கையில் சிரட்டையோடு அந்த டிரைவர் நின்றார்.

"என்னவே, லீவு லெட்டர்ல வயித்துவலின்னுல்லா எழுதியிருந்தீரு?" என்றேன்.

"காமாலைன்னு எழுதுனா சர்ட்டிபிகேட் கேப்பிய. அண்ணாச்சி மருந்து தருவாரு, சர்ட்டிபிகேட்டா தருவாரு?" டாக்டரைப் பார்த்ததும் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "தப்பா நெனைக்காதிய சார். உங்க மாத்திரையும் முழுங்குதேன்."

வரிசை சிரித்தது. டாக்டரும் சிரித்தார். பிறகு சிரட்டைகளைச் சாக்கில் அள்ளச் சொன்னார்.

புதன்கிழமை திருநெல்வேலியிலிருந்து மேலதிகாரி வந்தார், கூடவே ஒரு பொறியாளர். அலுவலக வராந்தாவில் ஊரின் தெருக்களைச் சுண்ணாம்புக் கோடாக இழுத்து, அந்தந்தக் கோட்டின் மேல் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தோம்.

"என்ன இது, தேங்காக் கடையா?" என்றார் மேலதிகாரி.

பிறகு கோடு கோடாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். மேட்டுத் தெருக்களில் ஒன்றிரண்டு. பள்ளத்துக்குப் போகப் போகச் சிரட்டை நெருங்கியது. கடைசி மூன்று தெருவில் கால் வைக்க இடமில்லை.

"இந்தத் தெருக்கள்ல குழாய் எப்படி?" என்று கேட்டார்.

அவர் அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பதில் என் வாசலிலேயே இருந்தது. கோடையில் தண்ணீர் கடைசித் தெரு வரை ஏறாது. அதனால் வாசலில் குழி தோண்டி, குழாயை அறுத்துப் பள்ளத்தில் இறக்கி, குடத்தை உள்ளே வைத்துப் பிடிப்போம். பக்கத்துச் சாக்கடை அந்தக் குழியில் ஊறும். தண்ணீர் நின்றதும் குழாய் ஊறியதை உறிஞ்சும். மறுநாள் முதல் குடத்தில் அதையே நமக்குத் தரும். எங்கள் குழியைத் தோண்டியது நான்தான். அதையும் சொன்னேன்.

ஒரு வாரத்தில் குழிகள் மூடப்பட்டன. கடைசித் தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. சாக்கடைக்குள் கிடந்த பெரிய குழாயை வெளியே எடுத்துப் போட்டார்கள். நோய் அறிக்கையில் 'நாட்டு மருந்துக்குச் சென்றோர்' என்று டாக்டர் ஒரு வரி சேர்த்தார். எதிர்வீட்டுக்காரி என்னோடு பேச்சை நிறுத்தினாள். நிறுத்துமுன் ஒன்று கேட்டாள்: "ஏட்டி, உனக்குக் காமாலைன்னா எங்க கொழாய எதுக்குட்டி மூடுத?"

இதைப் படிப்பவர் வீட்டிலும் யாருக்காவது கண் மஞ்சளித்திருக்கலாம். மருந்து எங்கே வேண்டுமானாலும் குடியுங்கள். ஆனால் கர்ப்பிணி என்றால் ஆஸ்பத்திரிக்கே போங்கள், அன்றே போங்கள். தண்ணீர் விஷயத்தில் நான் தவறவிட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

குழி மூடிய மறுநாள் காலையில் செல்வி பழைய சோறு பிழிந்துகொண்டிருந்தாள். ராத்திரி சோற்றில் ஊற்றிய தண்ணீர் எது என்று கேட்டேன்.

"கொழாத் தண்ணிதான். குடிக்கிற தண்ணியத்தான காய்ச்சச் சொன்னிய?"

இத்தனை நாளும் அந்த நீராகாரத்தை அவள் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறாள்.

டாக்டரிடம் ஓடினேன். நோயரும்பு காலம் (கிருமி உள்ளே போகும் நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம் என்றார். அதுவரை? "கண்ணைப் பாருங்க. வேற வழி இல்லை."

பார்த்தேன். தினமும் காலையில் அவளை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தால் அந்த ஒரு நாள் எங்களுடையது. என் கண் தெளிந்தது. பசி வந்தது. கடுகு வாசனை திரும்பி வந்தது. எதையும் நான் கொண்டாடவில்லை.

"என் கண்ணென்ன, அறிக்கையா? தெனம் பாத்து எழுதப்போறியளாக்கும்" என்பாள் செல்வி. ஆனாலும் நான் கூப்பிடுமுன்னே வெளிச்சத்துக்கு வந்து நிற்பாள். அவளுக்கும் பயம்தான்.

டாக்டர் சொன்ன கெடு முடிய நாலு நாள் இருக்கையில் வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது, ஆண். அவள் கண் வெள்ளையாகவே இருந்தது. கெடு தாண்டியும் வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் பிறந்த மூன்றாம் நாளே பிள்ளை மஞ்சளித்தது.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி நடைவழியில் ஓடினேன். குழந்தை மருத்துவர் ஒரு பெண். அவன் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து மஞ்சள் காட்டியது. ரத்தமும் பார்த்துவிட்டு, "இது அந்தக் காமாலை இல்லம்மா" என்றார். "பிறந்த பிள்ளையோட கல்லீரல் இன்னும் வேலை பழகல. பால் குடிக்கட்டும். காலை வெயில் காட்டுங்க."

அன்றிலிருந்து தினமும் இளவெயிலில் அவனை மடியில் கிடத்தி உட்கார்ந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. இந்த உடம்பு இன்றையது அல்ல. நான் என்றோ குடித்தது இப்போதுதான் வந்து சேர்கிறது. இப்போது குடிப்பது இன்னும் வந்து சேராத ஒரு நாளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது இந்த வெயில் மட்டும்.

அவன் நெற்றியில் விரலை அழுத்தி எடுப்பேன். மஞ்சள். மறுநாள் அழுத்துவேன். இன்னும் மஞ்சள்தான், கொஞ்சம் வெளிறி. ஒன்பதாம் நாள் விரலை எடுத்தபோது அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தம் பைய வந்து அதை நிரப்பியது.