சரசுவின் போசி

இன்று நாகலூர் வீட்டைக் காலி செய்தேன். இனி சேலத்தில் மகளோடு வாசம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பழக்கத்தில், பெட்டிகளுக்கு எண் போட்டு உள்ளே இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் பெட்டியில் கை நின்றுவிட்டது.

ஓர் எவர்சில்வர் போசி. அடியில் 'சரசு' என்று பெயர் வெட்டியிருந்தது.

மனைவி இறந்த சமயத்தில் பக்கத்து வீட்டுச் சரசு அதில்தான் ரசம் கொண்டுவந்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. எனக்கோ சமைக்கத் தெரியாது; அப்படியே வைத்துவிட்டேன். பிறகு அவர் வந்து கேட்டபோது கூச்சத்தில் "இங்க இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

போசி வீடு திரும்பியிருக்கும், எடுத்தது தன் ஓரகத்தி மல்லிகாதான் என்று அவர் சந்தேகப்பட்டார். இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று போசி நிறையக் காப்பித்தூளோடு சரசுவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஏனுங்க ரைட்டரு, வெறும் போசியக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறனுங்க?"

"தப்புதானம்மா."

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? அவளத்தான் நொம்பப் பேசிப்போட்டேன். வாங்க, அவ ஊட்டுக்குப் போலாம். நீங்க முன்னால நடங்க."

மல்லிகா முழுவதையும் கேட்டார். காப்பித்தூளைத் தன் டப்பாவில் கொட்டிக்கொண்டு போசியை நீட்டினார்.

"இந்தாக்கா. வெறும் போசிதான். வாங்கிக்குவியா?"

சரசு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இப்போது சேலம் போகும் வண்டி மலையடிவாரம் தாண்டிவிட்டது. ஒன்பதாம் பெட்டிக் கணக்கில் ஒன்றை அடித்துவிட்டேன். நீங்களும் உங்கள் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்களேன். யார் பெயர் இருக்கிறது?