தம்பியின் படத்துக்கு நான் வெட்டிய டிரெய்லர்

கலியாண வீடியோ வெட்டுவதுதான் என் தொழில். மட்டக்களப்பு நகரில் ஒரு ஸ்டூடியோவின் சன்னல் இல்லாத பின்னறையில் இருந்து, ஊர்ப்பட்ட மாப்பிள்ளைகள் தாலி கட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் நான். அந்த அலுப்புக்கு மருந்தாகத் திகில் படங்களின் டிரெய்லர்களைப் பார்ப்பேன். முழுப் படம் பார்க்கப் பொறுமை கிடையாது. பெரும்பாலான திகில் படங்களில் டிரெய்லர்தான் நல்ல பகுதி. மிச்சமெல்லாம் அதற்கு எழுதிய விளக்கவுரை.

பார்த்ததில் ஒன்று விளங்கியது. டிரெய்லர் கத்தக் கூடாது. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். வருவது யார் என்று காட்டிவிட்டால் காரியம் கெட்டது. சத்தம் கிட்டக் கிட்ட வந்து, கதவு திறக்கிற நேரத்தில் திரை கறுக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் சனம் கொட்டகைக்கு வருகிறது.

ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாச் சத்தத்தையும் போட முடியாது. சுனாமிக்கு அடுத்த வருஷம் ஸ்டூடியோ முதலாளி டிவிடிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். டிவியைக் கடை வாசலில் றோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்து டிரெய்லர் ஓட விடுவார். ஒரு வெளிநாட்டுப் படத்தின் டிரெய்லர் இருட்டில் தொடங்கும். அடியிலிருந்து ஓர் இரைச்சல் மெல்ல மெல்லப் பெருத்து வரும். றோட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற பெண் ஒருத்தி பையைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் ஓடினார்கள். "தங்கச்சி, அது படம். கடல் வரல்ல" என்று சொல்லிக்கொண்டே முதலாளி பின்னால் ஓட வேண்டியிருந்தது. அன்றோடு அந்த டிஸ்க் மேசை லாச்சிக்குள் போயிற்று.

போர் முடிந்த பிறகு என் தம்பி ஒரு சின்னப் படம் எடுத்தான். கமரா இரவல், நடித்தவர்கள் ஆரையம்பதிப் பொடியன்கள். தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டை யாரோ நோட்டமிடுகிற கதை. அதை ஊர் மண்டபத்தில் ஒரு நாள் காட்டுவதாக இருந்தான். அதே நேரத்தில் கத்தாரில் அவனுக்கு ஒரு வேலையும் சரிவந்திருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போர் நடந்தபோது அண்ணனை வீட்டுக்கு வந்துதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. மிச்சமிருந்த ஆண்பிள்ளை தம்பி ஒருவன்தான். போகாதே போகாதே என்று அம்மா அவனை மன்றாடிக்கொண்டே இருந்தார்.

கரைச்சல் தாங்காமல் தம்பி ஒரு வாக்குக் கொடுத்தான். "மண்டபம் நிறையச் சனம் வந்தா நான் போகல்ல. இஞ்சயே இருந்து படம் எடுப்பன். வராட்டிப் போறன்."

அம்மா என்னைப் பார்த்தார். "புள்ள, நீதான் சனத்தைக் கூட்டித் தரணும்" என்றார். தம்பி இருப்பதும் போவதும் இப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

வீட்டுக் கணினியில் இருந்து வெட்டினேன். இரைச்சல் கூடாது என்று தெரியும். அதனால் நாய்களைப் போட்டேன். போர்க்காலத்தில் இரவில் ஆள் பிடிக்க ஊருக்குள் வருபவர்களை எங்களுக்கு அறிவித்தவை நாய்கள்தான். முதலில் சந்தி நாய்கள் குரைக்கும், பிறகு கோயில் தெரு நாய்கள், பிறகு பக்கத்து வளவு. குரைப்பு நகர்ந்து வருகிற வழியை வைத்தே எந்த வீட்டுக்கு என்று கணக்குப் போடுவோம். விளக்கை அணைத்துவிட்டு ஆண்பிள்ளைகளைப் பின்கதவால் வாவிக் கரைக்கு அனுப்புவோம். அந்தக் கணக்குப் படித்தவளுக்கு டிரெய்லர் வெட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரத்தில் ஒரு குரைப்பு, கிட்டத்தில் பல குரைப்பு, ஒரு வாகனம் வந்து எஞ்சின் நிற்கிற சத்தம், அமைதி, கதவில் ஒரு தட்டு, கறுப்பு. வெட்டி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து ஓட விட்டேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் நின்றதும் கணினி, விளக்கு, காற்றாடி எல்லாம் ஒன்றாக நின்றன. அம்மா மெயின் சுவிச்சை இறக்கிவிட்டார். இருட்டுக்குள் வந்து தம்பியின் தோளைப் பிடித்துப் பின்கதவுப் பக்கம் தள்ளினார்.

"ஓடு மனே. வாவிப் பக்கம் ஓடு. சத்தம் போடாத."

தம்பி சிரித்தான். "அம்மா, அது அக்காட டிரெய்லர்." அம்மா பிடியை விடவில்லை. அவன் சிரிப்பதை நிறுத்தி, மெதுவாக இன்னொரு தரம் சொன்னான். அதற்குப் பிறகுதான் கை தளர்ந்தது. நான் போய் சுவிச்சைப் போட்டேன். தம்பியின் சட்டையெல்லாம் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. அம்மா திருவலைக்குத் திரும்பிப் போய் மற்றப் பாதியைத் துருவத் தொடங்கினார். நான் கணினிக்கு முன்னால் இருந்து அழுதேன்.

மறுநாள் வாகனத்தையும் கதவு தட்டுவதையும் வெட்டி எடுத்தேன். நாய்க் கூட்டத்தையும் எடுத்தேன். தூரத்தில் குரைக்கிற ஒரு நாயை மட்டும் விட்டேன். படத்தில் வருகிற பெண் சமைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தித் தலை நிமிர்வாள், திரை கறுக்கும். அவ்வளவுதான். ஸ்டூடியோ வாசலில் அதை ஓட விட்டபோது யாரும் ஓடவில்லை. நடந்து போனவர்கள் நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றிக்கொண்டு, "இது எங்க காட்டுற?" என்று முதலாளியிடம் கேட்டார். மிச்சத்தை அவரவர் தலைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். எனக்கு வேலை குறைவு.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஏறாவூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். படம் சுமார்தான், தம்பி என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரும் இடையில் எழும்பிப் போகவில்லை. அம்மா மட்டும் தலையிடி என்று வீட்டில் நின்றுவிட்டார்.

தம்பி துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மண்டபம் நிறைஞ்சிற்று அம்மா. சொன்ன சொல்லு சொன்னதுதான், நான் போகல்ல."

அம்மா சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தார்.

"இல்ல மனே, நீ போ. நீ இஞ்ச இருந்தா நான் சாகுமட்டும் நாய்க்குக் காது குடுத்துக்கொண்டுதான் கிடப்பன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் கறிச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினேன். அடுத்த மாதம் அவன் கத்தாருக்குப் போனான். அன்றிரவு அம்மா விடியும்வரை அசையாமல் நித்திரை கொண்டார்.