கைலிப் பக்கம் நிற்கிறவள்

துணிக்கடையில் பட்டுப் பக்கம் நிற்கிறவர்களுக்கு மரியாதை, கைலிப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கால்வலி. கடையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? எம்.ஏ. படித்துக்கொண்டே, லீவு நாட்களில் விருத்தாசலத்துக் கடை ஒன்றில் நிற்கிறேன். "கைலிக்கடைன்னே பேரு ஆயிடுச்சு. பொங்கலோட அந்தப் பக்கத்தையே எடுத்துடுறேன்" என்றார் முதலாளி. எடுத்தால், என்னோடு நிற்கும் ஜரீனா அக்காவுக்கு வேலை போய்விடும். கைலி என்றால் அப்படி என்ன கேவலம் என்று அன்றைக்கே சண்டையை ஆரம்பித்தேன்.

துபாய்க்குப் போனது

திட்டக்குடிப் பெண் ஒருத்தி, துபாயிலிருக்கும் கணவனுக்கென்று நீலக் கட்டம் போட்ட கைலி எடுத்தாள். பார்சலுக்குத் தோதாகக் கட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. கொஞ்ச நாளு நான் போத்திப் படுத்துட்டுதான் அனுப்புவேன். புதுசா போனா அவருக்குத் தூக்கம் வராது."

சூளை திறக்கும் நாள்

வகுப்பில் யாரையும் எதிர்த்துப் பேசுகிற நான், பார்சல் கட்டாமல் கைலியை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் பீங்கான் பொம்மை செய்கிறவர் ஒருவர் வந்தார். கையெல்லாம் வெள்ளை மண். சூளை திறக்கிற அன்றைக்கெல்லாம் புதுக் கைலிதான் கட்டுவாராம். முதலாளி விடவில்லை: "பேன்ட் எடுங்களேன், கௌரவமா இருக்கும்."

அவர் கைலியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொம்மைங்க பொறந்ததும் மொதல்ல பாக்குறது என்னையத்தாங்க. வேற யாரோன்னு நெனச்சிடப் போவுதுங்க."

பேத்தி வந்தாள்

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு முதலாளியே எங்கள் பக்கம் வந்து நின்றார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிள்ளையைப் பழைய கைலியில்தான் கிடத்த வேண்டும், புதுத்துணி உடம்பை அறுக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். இவரோ கௌரவம் பார்த்து, இருந்ததையெல்லாம் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். கடை நிறையக் கைலி, ஒன்றுகூட உதவாது.

"ஜரீனா, ஒங்க வூட்டுல பழசு எதுனா இருக்குதாம்மா?"

நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"துவைச்சு மடிச்சதே இருக்குதுண்ணே, இப்பவே கொண்டாரேன். பச்சப்புள்ளைக்கு ஒண்ணு ரெண்டு பத்தாது. பொங்கலுக்கு அப்புறம் வேணும்னா என்னை எங்க வந்து கேப்பீங்க?"

கைலிப் பக்கம் அப்படியே இருக்கிறது, அக்காவும் இருக்கிறாள். பலகையில் மட்டும் 'ஆண்கள் வீட்டு உடை' என்று மாற்றி எழுதியிருக்கிறார் முதலாளி, அந்தச் சண்டையை அடுத்த லீவுக்கு வைத்திருக்கிறேன்.