ஏழேகால் போட்ட தக்காளித் தோட்டம்

என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் கடைக்குட்டிக்குப் பெயரே ஏழேகால் என்றாகிவிட்டது. காலை ஏழேகால் ரயிலை முப்பத்து மூன்று வருடம் விடாமல் பிடித்தவர். கல்யாணத்துக்கு மறுநாளும் அதில்தான் போனார். போக ஒன்றேமுக்கால் மணி நேரம், வர ஒன்றேமுக்கால் மணி நேரம். தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஓய்வு பெற்ற மறுவாரமே என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணி, ஒரு ஏக்கர் நிலம் வாங்கிட்டேன்! கிணறு இருக்கு, ரெண்டு ரூம் வீடு இருக்கு. கைய நீட்டினா யார் மேலயும் இடிக்காது!"

எங்கள் வீட்டில் கடைசியாக மண்வெட்டி பிடித்தது என் மாமனாரின் அண்ணன். அவரும் முதல் நாளே கால் கட்டைவிரலை வெட்டிக்கொண்டு தபால் ஆபீசில் போய்ச் சேர்ந்தவர். அந்த வம்சத்தில் இப்படி ஒன்று.

இவர் மனைவி, என் ஓர்ப்படி, பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். கடை அவர்கள் வீட்டுக்குக் கீழேயே இருந்தது. அதை விட்டுவிட்டுக் கிளம்ப அவளுக்கு மனசே இல்லை.

"ஒரே ஒரு வெள்ளாமை," என்றாள். "ஒரு கூடைக் காயாவது சந்தைக்குப் போகணும். போகலைன்னா மூட்டையைக் கட்டிடணும். மறுபேச்சு கூடாது."

"சரி."

"என்ன சரி? சத்தியம் பண்ணுங்க."

"எது மேல பண்றது?"

"அந்த ஏழேகால் மேல பண்ணுங்க. அதைத்தானே நீங்க நம்புவீங்க."

பண்ணினார். அவள் பழைய வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டித்தான் வைத்தாள். திரும்பி வந்துவிடுவோம் என்று அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு மாதம் கழித்து நான் பத்து நாள் போய் இருந்தேன். மனிதர் ஐந்து மணிக்கே எழுந்து செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். தானே விதை போட்டு எடுத்த அறுநூற்று நாற்பது தக்காளிச் செடி. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. எனக்கே மலைப்பு.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிற ஒரு அம்மா. அவள்தான் எட்டிப் பார்த்தாள்.

"ஆபீசரே, இது தோட்டமா, புல்லுக்கட்டா?"

"ஏங்க, நல்லாத்தானே தளதளன்னு நிக்குது?"

"நிக்குது, நிக்குது. காத்து எங்க நுழையும்? சாணுக்கு ஒண்ணு நட்டு வச்சிருக்கீங்க. முழத்துக்கு மேல வேணும். மூணுல ரெண்டை எடுத்துடுங்க. இல்லைன்னா உங்களுக்கு இலைதான். அதை என் ஆடுகூட மோந்து பார்க்காது."

ஏழேகால் முகம் தொங்கிவிட்டது. "ரயில்ல ஒத்தக் கால்ல நின்னு போனவன் நான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாண் விட்டிருக்கேன், அதுவே தாராளம்னுதான் நினைச்சேன்," என்றார். "உள்ளே ஏறினவங்களை எப்படிங்க இறக்கி விடுறது?"

மூன்று நாள் ஆயிற்று. அவர் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. அடி இலை மஞ்சளாயிற்று. வந்த பூவெல்லாம் கொட்டிற்று. என் ஓர்ப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், ஊர் திரும்பிவிடலாம். உள்ளுக்குள் அவளுக்கு ஏக சந்தோஷமாய் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் பல் விளக்க வெளியே வந்தால், அவள் முழங்கால் மண்ணில் பதிய, தையல் கத்திரிக்கோலை வைத்துச் செடியை அடியோடு வெட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் அரை வரிசை காலி.

அவர் ஓடி வந்தார். "ஏய், என்ன பண்றே?"

"கூட்டத்தைக் குறைக்கிறேன்."

"நீ சும்மா இருந்தாலே போதுமே! அடுத்த மாசம் உன் கடைக்குப் போயிடலாமே!"

"போனா ஜெயிச்ச ஆளோட போவேன். மூஞ்சி தொங்கிப்போன ஆளை இழுத்துக்கிட்டுப் போய் நான் என்ன பண்றது? பேசாம அந்த வரிசையைப் பிடிங்க."

முதல் செடியை வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். பத்தாவதற்குக் கண் திறந்தது. இருபதாவதற்கு வாயும் திறந்துவிட்டது. "இறங்குங்க, இறங்குங்க! வழியில நிக்காதீங்க!" நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆட்டுக்காரம்மா வேலிமேல் சாய்ந்து, "தூக்கிப் போடாதீங்க, நுனியை வெட்டி ஊனினா வேர் விடும்," என்றாள். விடுவாரா? கிணற்றோரமாய் நாற்பது நுனி ஊன்றினார். ஒவ்வொன்றுக்கும் குச்சி வைத்து அளந்து.

நான் ஊர் திரும்பிய பிறகு போன்மேல் போன். "அண்ணி, பூ நிக்குது!" "அண்ணி, பட்டாணி அளவு காய்!" "அண்ணி, ஒண்ணு சிவந்துடுச்சு, அவ தொடக் கூடாதுங்கிறா!" ஒரு நாளைக்கு நாலு தடவை. என் வீட்டுக்காரர், "பேரன் பொறந்தப்போகூட இவன் இப்படிக் கத்தலையே," என்றார்.

சந்தை நாள் வந்தது. ஆட்டுக்காரம்மாவின் வண்டியில் ஒன்றுக்கு மூன்று கூடை ஏறிற்று. இவரைச் சந்தைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் ஓர்ப்படி. எடுத்துப் பார்க்கிறவர்களிடமெல்லாம் செடியின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாராம். அவளே நின்று கூவியிருக்கிறாள். மதியத்துக்குள் மூன்றும் காலி.

காய் போகாவிட்டால் திரும்புவது என்றுதானே பேச்சு? போனால் என்ன என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஜெயித்த ஆளோடு போவேன் என்று வேறு சொன்னவள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமே போன் போட்டேன்.

"ஏம்மா, ஜெயிச்சாச்சு. எப்போ கிளம்புறீங்க?"

"கொஞ்சம் இருங்கக்கா," என்றவள், அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏங்க, அங்க இல்ல! வெயில் அடிக்கும். மரத்துக்குக் கீழ அடிங்க முளையை!"

"என்ன முளைம்மா?"

"கோழிக்கூட்டுக்குக்கா. நாளைக்குக் காலையில பத்துக் குஞ்சு வருது, இன்னும் ஒரு பக்கம்கூட நிக்கலை. அப்புறம் பேசுறேன், வச்சிடட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.