நேர்ந்துவிட்ட முடி

என் தலைமுடியை ஏழுமலையானுக்கு நேர்ந்துவிட்ட விஷயம் எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மீன் ஏலம் போடுகிறவருக்குத் தெரியும். வலையில் பொத்தல் அடைக்கிற கிழவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரிக்கு நன்றாகவே தெரியும். தெரியாத ஒரே ஆள் நான்தான். இத்தனைக்கும் முடி என் தலையில் இருந்தது.

எனக்குத் தெரியவந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பற்றிக்கொண்டு எரிகிறது. பொன்னேரியில் ஒரு பார்லரில் முடி வெட்டிக்கொண்டு, பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்து, பாலத்தைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கி வீட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, சாமி முடிய வெட்டிக்கினு வந்து நிக்கிறாளே! என் புள்ள உயிருக்கு வேண்டிக்கின முடிய வெட்டிக்கினு வந்து நிக்கிறாளே!"

எந்தச் சாமி, எந்த முடி? நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த முடிவெட்டு ஏதோ ஒரு நாள் கிறுக்குப் பிடித்துப் போய்ச் செய்துகொண்டது அல்ல. ரொம்ப நாள் ஆசை. பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மற்றவர்கள் தோளில் புடவையைப் போட்டுக் காட்டுகிற வேலை. வருகிற பெண்களுக்கெல்லாம் கன்னத்தை ஒட்டி இரண்டு பக்கமும் முடி படிப்படியாக இறங்கி வந்து முகத்துக்கு ஒரு எடுப்பு கொடுக்கும். பின்னால் நிற்கிற எனக்கு மட்டும் இடுப்புவரை ஒரே கயிறாக ஒரு பின்னல். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினால் என் முகம் அகலமாகத் தோசைக்கல் மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆனால் அந்தப் பின்னலின் கனத்தில் தலை விண்விண்ணென்று வலிக்கும். வீட்டுக்கு வந்தால் உப்புக் காற்று அதைத் தேங்காய் நாராக ஆக்கிவிடும்.

பஸ்ஸில் வரும்போது போனில் வீடியோ பார்ப்பேன். கொரியாக்காரப் பெண்களும் ஜப்பான்காரப் பெண்களும் வட்ட முகத்துக்கு இப்படி வெட்டு, நெற்றி அகலமென்றால் அப்படி வெட்டு என்று காட்டுவார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ப் பார்லர்காரப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் என் முடியைக் கையில் அள்ளித் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதே மாதிரி வேணும்னு மட்டும் கேக்காதீங்கக்கா. அந்தப் பொண்ணுங்களுக்கு முடி தொங்கவிட்ட நூலு மாதிரி நேரா நிக்கும். உங்களுது கனம் ஜாஸ்தி, உள்ளுக்குள்ள வளைவு வேற கீது. கன்னத்தாண்ட வெட்டுனா காஞ்சதும் மேல ஏறிக்கும், ரெண்டு பக்கமும் குடை மாதிரி விரிஞ்சிக்கும். நான் தாடைக்குக் கீழேர்ந்து ஆரம்பிச்சி சரிவா எடுக்கறேன். பின்னாடி நீளத்துல ரொம்ப கை வைக்கல."

அப்படியே செய்தாள். முன்பக்கம் தாடையில் தொடங்கித் தோளில் போய்ச் சேர்ந்தது. நுனிகளை உள்பக்கமாக மெலிதாக்கினாள். பின்னல் போட வேண்டுமென்றால் பின்னால் இன்னும் முடி இருந்தது. கண்ணாடியில் தெரிந்தவளை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. இதில் யார் உயிர் போகிறது?

என் வீட்டுக்காரர் உயிர்தான் போகிறதாம்.

சில மாதம் முன்பு அவர் போன ஃபைபர் படகின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. நான்கு பேர். போனும் எடுக்கவில்லை. விடிந்ததும் வரவேண்டிய படகு வரவே இல்லை. நல்ல காற்று வேறு. குப்பமே கரையில் நின்றது. நானும் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் போலத் தெற்கேயிருந்து வந்த ஒரு படகு இவர்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் என் மாமியார் அலையில் மண்டியிட்டு விழுந்து ஏதோ கத்தினார். அழுகைச் சத்தத்திலும் கடல் சத்தத்திலும் என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்திருக்கிறது. "என் மருமவ முடிய மொத்தமா எறக்கறேன், என் புள்ளய குடுத்துடு" என்பதுதான் அது.

மருமகள் பத்தடி தூரத்தில்தான் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. கோடையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் குடும்பத்தோடு மலைக்குப் போய், அங்கே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். ஆட்டைக்கூடத் தண்ணீர் தெளித்துத் தலையாட்டச் சொல்லிக் கேட்கிறார்கள்!

எனக்கு விஷயம் புரிந்ததும் கைப்பையை வீசினேன்.

"ஏன் அத்த, உன் புள்ள உயிருக்கு என் முடியா? உன் முடி இன்னா ஆச்சு?"

"என் தலைல இன்னாடி கீது குடுக்க, எலி வாலு கணக்கா? சாமிக்குக் குடுக்கறதுன்னா போனா வலிக்கற மாதிரி ஒண்ணக் குடுக்கணும்."

"வலிக்கறது எனக்கு. வேண்டிக்கறது நீயா?"

"புருசன் உயிருடி! அத விட ஒனக்கு முடி பெருசா?"

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. 'புருஷன் உயிர்' என்று ஒருத்தி சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் இன்னொருத்தி வாயைத் திறக்க முடியாது. எதிர்வீட்டுக்காரி என் முன்பக்க முடியைக் கையால் தொட்டே பார்த்தாள். "இதுக்கா பொன்னேரி வரிக்கும் போன? கன்னுக்குட்டி மேஞ்ச மாதிரி கீது" என்றாள். ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்தார். சண்டை முழுவதையும் கேட்டார். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரி நின்றார். கடைசியில், "பூ முடி குடுத்துடலாமா?" என்று தன் அம்மாவிடம் இழுத்தார். பூ முடி என்றால் மூன்று இடத்தில் கத்திரி வைத்து நறுக்கிக் கொடுப்பது. மொட்டை இல்லை. என்னிடம் கேட்கவில்லை, கவனியுங்கள். அம்மாவிடம்தான் கேட்டார்.

"மொட்டைனு வாய்விட்டு சொல்லிட்டேன்டா. இப்ப அதுவும் போச்சு. பார்லர் கத்திரி பட்டு எச்சியாயிடுச்சு. எச்சி முடிய சாமி வாங்குவாரா?"

"வாங்க மாட்டாருல்ல? அப்ப கதை முடிஞ்சிது. எல்லாரும் போயி வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கதை எங்கே முடிந்தது? அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் என் முடிதான் காரணம். வலை கல்லில் மாட்டிக் கிழிந்தால் என் முடி. இறாலுக்கு விலை இறங்கினால் என் முடி. பக்கத்து வீட்டில் கோழி காணாமல் போனதற்கும் என் முடியைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும், நான் நகர்ந்ததும் பேச்சு கிளம்பும். நான் தினமும் காலையில் முன்பக்க முடியைச் சீவி, கன்னத்தை ஒட்டி இறக்கிவிட்டுக்கொண்டு, அவர்கள் நடுவிலேயே நடந்து பஸ்ஸுக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமியார் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். என் மகள் ஆறாவது படிக்கிறாள். அவளுக்கும் இடுப்பைத் தொடுகிற முடி. அவளே சீயக்காய் போட்டு அலசி, அவளே சிக்கெடுப்பாள். யார் இழுத்துச் சீவினாலும் கத்துவாள். மாமியார் அந்தப் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பா முடில கத்திரியே படல. மவ முடி குடுத்தா இன்னா, அம்மா முடி குடுத்தா இன்னா? லீவுல கூட்டிக்கினு போயி எறக்கிடலாம்."

நான் கையில் இருந்த சொம்பைப் போட்டேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது. குப்பத்தின் கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்கும். மகள் பின்னலை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். இவ்வளவுக்கும் பிறகு என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். இந்த விவகாரத்தில் அவராக என்னிடம் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

"கொயந்த முடிதான? வளந்துடும். ஏன் இப்டி கத்தற?"

சரி என்று முடிவெடுத்தேன். கத்திரி பட்டால் எச்சில்தானே? படட்டும். மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. மகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். எங்கே போகிறோம் என்று கேட்டாள். "வா, சொல்றேன்" என்றேன். அவள் முடியில் முன்பக்கம் நாலு கத்திரி விழுந்துவிட்டால் எந்த மலைக்கும் யாரும் கூப்பிட முடியாது என்ற ஒரே கணக்குத்தான் என் மண்டையில் ஓடியது.

பார்லர்காரப் பெண் அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துணியைக் கட்டினாள். "எதுவரிக்கும்டா எடுக்கலாம்?" என்று அவளிடம்தான் கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "தாடை வரிக்கும். என்னுது மாதிரியே போட்டுடுங்க" என்றேன்.

முடியில் தண்ணீர் அடித்தாள். சீப்பால் முன்பக்கத்தைப் பிரித்தாள். மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, கோபமும் இருந்தது.

"ஆயாவும் என்னக் கேக்கல. நீயும் கேக்கல. எனக்கு வெட்ட வேணாம்மா. எனக்கு இப்டியேதான் புடிக்கும்."

பார்லர்காரப் பெண் சீப்போடு அப்படியே நின்றாள். எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கழுத்துத் துணியை நானே அவிழ்த்து, ஈர முடியை என் முந்தானையால் துவட்டிவிட்டேன். "எழுந்திரு, போலாம்" என்றேன்.

பஸ்ஸில் அவள் என்னை விட்டுத் தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். குப்பத்தில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேராகக் கரைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே என் வீட்டுக்காரர் இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"நைனா, அன்னிக்கி பொழச்சி வந்தது நீதான? உன் தலைலயும்தான் முடி கீது. அத ஏன் குடுக்கல?"

மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "மாட்னியா மச்சான்!" என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கையால் தலையைத் தடவிக்கொண்டார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து வலையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாமியாருக்கு முதலில் ஒப்பவில்லை. "ஆம்பள முடி ஒரு மாசத்துல வளந்துடும், இது ஒரு காணிக்கையா?" என்று முணுமுணுத்தார். பிறகு மகன் கையால் லட்டை வாங்கித் தின்றதும் மனசு இறங்கிவிட்டார். என் மகள் முடியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நிம்மதிதான்.

ஆனால் ஊர் என்ன செய்தது தெரியுமா? அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அம்மா வாக்கைக் காப்பாற்றிய பிள்ளை என்றார்கள். பெண்டாட்டி செய்யவேண்டியதைத் தான் செய்த தங்கமான மனுஷன் என்றார்கள். என் முடியைக் கன்றுக்குட்டி மேய்ந்ததாகச் சொன்ன அதே எதிர்வீட்டுக்காரி, ஏலம் நடக்கிற இடத்தில் எல்லோரும் கேட்க என்னிடம் சொன்னாள்.

"உன் புருசன் மாதிரி வருமா? நீ மாட்டேன்னு சொன்னத அவரு குடுத்துட்டாரு பாரு."

"மொட்டதான போட்டுக்கினாரு, கழுத்தயா அறுத்துக் குடுத்தாரு?" என்று திருப்பிக் கொடுத்தேன். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அவர் தலையில் பழையபடி முடி வந்து, சீப்பைத் தேடி வீட்டைப் புரட்டினார். என் பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. புருஷன் உயிருக்கு முடி கொடுக்க மறுத்தவள்.

நான் எப்போது மறுத்தேன்? கேட்டால்தானே மறுக்க முடியும்? அன்றைக்குக் கரையில், படகு வராத அந்த நேரத்தில், என் மாமியார் என் பக்கம் திரும்பி, "உன் முடியக் குடுக்கறியாடி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மலைவரை போயிருக்கவே மாட்டேன். மீன் அறுக்கிற கத்தியை வாங்கி, அங்கேயே, அந்த ஈர மணலிலேயே மொத்தத்தையும் அறுத்துப் போட்டிருப்பேன். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.